கட்டையைத் திருப்பி அனுப்பிய டீச்சர்

பத்து வயதில் உளி பிடித்தவன் நான். கதவு, நிலை, கட்டில், தொட்டில், வண்டி என்று நான் செய்து கொடுத்த எதையும் சரியில்லை என்று யாரும் திருப்பி அனுப்பியது கிடையாது. ஒரே ஒருவர் அனுப்பினார். அதுவும் ஒன்றிரண்டு இல்லை, அறுபது உருப்படி. அறுபதையும் சாக்கில் கட்டி, டீக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து, எதிரே இருக்கும் என் பட்டறை வாசலில் கொண்டுவந்து இறக்கினார். இது நடந்தது 1959 ஆடி மாதம். எட்டு வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் நான் டீ குடிக்கப் போனால் எவனாவது ஒருத்தன், "என்ன ஆசாரி, இன்னைக்குக் கட்டை ரிட்டன் உண்டா?" என்கிறான். கேட்பவனுக்கு அப்போது மீசைகூட முளைத்திருக்காது.

திருப்பி அனுப்பியவர் பெயர் அடைக்கலமேரி. ஆவூர்ப் பக்கத்துக்காரர். அப்பா ஆரோக்கியமுத்துவுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம், பிள்ளைகள் ஆறு. இவர்தான் மூத்தவர். எட்டாவது முடித்து, திருச்சியில் ஆறு மாதம் பாலவாடிப் பயிற்சி எடுத்துக்கொண்டு, இருபத்திரண்டு வயதில் எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்தார். பஸ் திருமயத்தோடு சரி. அங்கிருந்து நாலு மைல் நடைதான். கையில் ஒரு தகரப்பெட்டி, தோளில் ஒரு துணிப்பை. பை நிறையப் புளியங்கொட்டை.

"ஏம்மா, எங்க ஊருல என்ன புளியமரமே இல்லையாக்கும்?" என்று என் சம்சாரம் ஆவுடையாள் கேட்டிருக்கிறாள்.

"இருக்கும்னு தெரியும்க்கா. மொத நாளே யாருகிட்டப் போயிக் கேக்குறதுன்னுதான் கொண்டாந்தேன்."

ஆவுடையாள் அந்தப் பதிலிலேயே விழுந்துவிட்டாள். எனக்கு அவ்வளவு சீக்கிரம் ஆகவில்லை.

பெயரிலேயே குழப்பம் வந்தது. தமுக்கு அடித்தவன், சின்னப் பிள்ளைகளுக்கான பாலவாடியைப் பால்வாடி என்று அடித்துவிட்டான். மரம் விற்கிற இடம் மரவாடி, அப்படியென்றால் பால் விற்கிற இடம் பால்வாடி என்று நானே நாலு பேருக்கு விளக்கம் சொன்னேன். திறக்கிற அன்றைக்குக் காலையில் பதினேழு பெண்கள் செம்போடு வந்து வரிசையில் நின்றார்கள். ஒரு பெரியவர், "மாட்ட எங்கிட்டுக் கட்டியிருக்காக?" என்று கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னார்: "பால் உண்டு. பவுடர் பாலு. ஆனா புள்ளைங்களுக்கு மட்டுந்தான். செம்ப இங்க வச்சுட்டுப் போங்க, புள்ளையக் கொண்டாங்க. புள்ளையக் குடுத்தாச் செம்பத் தாரேன்."

பதினேழு செம்புக்குப் பதின்மூன்று பிள்ளைகள் வந்தன. மூன்றரை வயதில் என் மகள் செவந்தியும் அதில் ஒருத்தி. பாலவாடி நடந்துவிட்டது.

நடந்த இடம் செட்டியார் வீட்டுக் கிட்டங்கி. ஒரு காலத்தில் நெல்லும் உப்பும் அடைத்து வைத்த நீளமான கட்டடம். நாச்சியப்பன் செட்டியார் பிள்ளைகளோடு சென்னைக்குப் போய்விட்டார். ஊரில் அவருடைய அக்கா முத்தாள் ஆச்சி இருந்தார். சாவி அவர் இடுப்பில். அந்தக் கிட்டங்கிமேல் ஏற்கெனவே ஒருவர் கண் வைத்திருந்தார். வெள்ளைச்சாமி, நிலக்கடலை வியாபாரி. ஐப்பசியில் கடலை வந்து குவியும்போது மூட்டை அடுக்க அவருக்கு இடம் பற்றாது. ஆச்சி இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பேச்சுப் பேசி வைத்தார்.

"ஐப்பசியில பிளாக் ஆபீசரு வாராகளாம். வந்து பாத்து, நல்லா நடக்குதுன்னு எழுதுனாகன்னா புள்ளைகளுக்கு. இல்லேன்னா வெள்ளைச்சாமிக்கு. அதுவரைக்கும் ரெண்டு பேரும் என் வாசலுக்கு வரப்படாது."

டீச்சருக்கு ஊரில் வேறு கூரை கிடையாது. கிட்டங்கி போனால் பாலவாடியைப் பக்கத்து ஊருக்கு மாற்றிவிடுவார்கள். இது அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

கட்டை விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் அடுக்கி விளையாட அறுபது மரக்கட்டை வேண்டும் என்றார். முழுக்கட்டை எட்டு அங்குலம், அரைக்கட்டை நாலு, கால்கட்டை இரண்டு. நான் மூணாம் வகுப்புப் படித்தவன்தான், ஆனாலும் அளவில் என்னை ஒருவன் அசைக்க முடியாது. ஒன்று மட்டும் உண்டு. எங்கள் அப்பா மொட்டை அளவில் மரம் அறுக்க மாட்டார். ஆறடி என்றால் ஆறடிக்கு மேல் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கூட விட்டுத்தான் அறுப்பார். அதற்கு எங்கள் வீட்டில் வளர்நூல் என்று பேர். அந்த நூலை விட்டால்தான் வாங்குகிற வீடு வளரும். நான் கதவுக்கு விட்டேன், தொட்டிலுக்கு விட்டேன். கட்டைக்கும் விட்டேன். அறுபது கட்டைக்கும் ஆளுக்கு ஒரு நூல்.

நாலாம் நாள் சாக்கு வந்து இறங்கியது.

"என்ன டீச்சரம்மா இது?"

"கட்டைண்ணே. நீங்க செஞ்சதுதான்."

"அது தெரியுது. இங்கிட்டு எதுக்கு வந்திருக்கு?"

"ரெண்டு அரை சேந்தா ஒண்ணு ஆகணும்ல? உங்க கட்டையில ஒண்ணத் தாண்டிப் போகுது. நாலு காலச் சேத்தா இன்னும் தூரமாப் போகுது."

டீக்கடையில் ஒருத்தன் சிரித்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒரு நூலு கூடுனாக் குடியா முழுகிப்போகும்? பச்சப்புள்ள வெளையாடுறதுதானே?"

"பெரிய ஆளுன்னா ஒரு நூல விட்டுக் குடுப்பாங்கண்ணே. மூணு வயசுப் புள்ள விட்டுக் குடுக்காது."

அதோடு விட்டாரா? சாக்கிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, அதன் முனையைத் தன் கீழுதட்டில் தேய்த்துக் காட்டினார். "இந்தா பாருங்க. கையில தேச்சுப் பாத்தாத் தெரியாது. ஒதட்டுல தேச்சாத்தான் சிலாம்பு தெரியும். இதெல்லாம் வாய்க்குப் போற சாமான்."

"வாயில வைக்கப்படாதுன்னுதான் வேம்புல செஞ்சிருக்கேன். கசந்தாத் துப்பிரும்."

"துப்பலையேண்ணே. உங்க செவந்தி ரெண்டு நாளா அதத்தான் சப்புறா. நல்லாருக்காம்."

டீக்கடை முழுக்கச் சிரித்தது. அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு மதியம் சாக்கைத் தூக்கிக்கொண்டு நான் கிட்டங்கிக்குப் போனேன். இந்த அம்மா சொல்வது பொய் என்று பிள்ளைகளை வைத்தே காட்டுவது என்று முடிவு. உள்ளே போய்க் கட்டையைத் தரையில் கொட்டி, "செவந்தி, அப்பா பாக்க ஒரு வீடு கட்டு" என்றேன். டீச்சர் ஒதுங்கி நின்றார். செவந்தி முழுக்கட்டை ஒன்றை நிறுத்தினாள். எதிர்ப்பக்கம் கால்கட்டை நாலை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். மேலே ஒரு பலகையை வைத்து, பலகைமேல் ஒரு புளியங்கொட்டையை வைத்தாள். அது உருண்டு விழுந்தது. எடுத்து வைத்தாள். விழுந்தது. பலகையைத் திருப்பிப் போட்டாள். விழுந்தது. கால்கட்டையைப் பிரித்து, ஊதி, தரையைத் துடைத்து, மறுபடி அடுக்கினாள். மறுபடியும் விழுந்தது. அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்பா, இது பொய்க்கட்டை."

நான் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த எட்டு நாள் வேறு வேலை தொடவில்லை. முதல் கட்டையை மொட்டை அளவில் அறுக்கும்முன் அப்பாவை நினைத்து ஒரு கும்பிடு போட்டு, இது வீடு இல்லை, விளையாட்டுத்தான், கோவிச்சுக்காதீங்க என்று சொல்லிக்கொண்டேன். இழைத்து முடித்த ஒவ்வொரு முனையையும் உதட்டில் தேய்த்துப் பார்த்தேன். அறுபது கட்டை, கட்டைக்கு எட்டு முனை. உதடு வீங்கி மிளகாய்ப்பழம் மாதிரி ஆகிவிட்டது. "வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போச்சா?" என்று ஆவுடையாள் கேட்டாள். ஆமாம் என்றேன்.

கட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது டீச்சர், "நல்லாருக்குண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதை டீக்கடையில் வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு.

அதற்கப்புறம் மதிய நேரத்தில் நான் அங்கே போவது வழக்கமாகிவிட்டது. ஆணி அடிக்கிற சாக்கில் போவேன். டீச்சர் ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் மணலில் குளம் வெட்டுவார்கள், ஒரு பக்கம் களிமண்ணில் பணியாரம் சுடுவார்கள், ஒரு பக்கம் கட்டையில் திருமயம் கோட்டை எழும்பும். நாலு பிள்ளை சாக்கைப் போர்த்திக்கொண்டு மாடாகப் போகும். டீச்சர் எல்லாக் கூட்டத்திலும் ஒரு ஆளாக இருப்பார். பணியாரம் வாங்குவார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார், கோட்டைக்கு வழி கேட்பார். அடி கிடையாது, அதட்டல் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் ஆவூருக்குப் போய், பூசை பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் முழங்கால் வரை புழுதியோடு வந்து நிற்பார்.

ஊருக்கு இது பிடிபடவில்லை. வெள்ளைச்சாமி எங்கே பார்த்தாலும் இதையே பேசினார். "வெளையாடச் சொல்லிக் குடுக்க ஒரு டீச்சரு! அடுத்து ஒறங்கச் சொல்லிக் குடுக்க ஒரு வாத்தியாரப் போடுவாகளா? மூணு மாசமாச்சு, ஒரு புள்ளைக்கு ஆனா தெரியுமா? ஆபீசரு வரட்டும், எழுதச் சொல்லிக் கேப்போம்." அவர் பேரன் சேவுகனும் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தான். மருமகள் அவருக்குத் தெரியாமல் கொல்லை வழியாகக் கொண்டுவந்து விட்டுவிடுவாள்.

பேச்சுக்குப் பலன் இருந்தது. இரண்டு மூன்று தாய்மார் பலகையும் குச்சியுமாக வந்து நின்றார்கள். எனக்கே பயம் வந்துவிட்டது.

"டீச்சரம்மா, ஒரு பத்து எழுத்து. ஆபீசரு வார அன்னைக்கு மட்டும் எழுதிக் காட்டட்டும். கிட்டங்கி நெலச்சுரும். பெறகு உங்க இஷ்டப்படி வெளையாடுங்க."

அவர் கையில் களிமண் இருந்தது. அதைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "எனக்கு ஒரு தம்பிண்ணே. சந்தனராசு. நாலரை வயசுல பள்ளிக்கூடத்துல விட்டாங்க. வெரலுக்குக் குச்சி நிக்கல. வெரல் மொளியில அடிச்சாங்க. மூணாம் நாளு ஓடி வந்தவன்தான், அப்பறம் அந்தத் தெருவுலயே நடக்க மாட்டான், சுத்திப் போவான். இன்னைக்கு ஆடு மேய்க்கிறான். நூறு ஆட்டையும் பேர் சொல்லிக் கூப்புடுவான், மூளையில ஒரு குறையும் இல்ல. இந்தக் களிமண்ணு பெசையுறதும் எழுத்துத்தான்ணே. வெரலு மொதல்ல கெட்டிப்படட்டும்."

"கிட்டங்கி போயிருமே?"

"போனாப் போகட்டும்னு சொல்ல மாட்டேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அடிச்சு எழுதிக் காட்டி வாங்குன எடத்துல பெறகு எதச் சொல்லிக் குடுக்குறது?"

ஐப்பசி பத்தாம் தேதி ஜீப் வந்தது. பின்னாலேயே ஊரில் பாதி வந்தது. ஆச்சி சாவியோடு வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச்சாமி சலவை வேட்டியில் வந்தார். ஆபீசர் நல்ல உயரமான மனுஷன். வாசலில் காலை வைத்ததும் ஒரு குட்டிப்பெண், "செருப்பக் கழட்டுங்க, கோட்டை இடிஞ்சிரும்" என்றாள். கழற்றினார்.

"பாத்தீங்களா சார், மரியாதைங்கிறதே கெடையாது," என்றார் வெள்ளைச்சாமி. "ஆனா ஆவன்னா எழுதச் சொல்லுங்க சார். ஒரே ஒரு புள்ள எழுதட்டும்."

ஆபீசர் சுற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பையனைக் கேட்டார். அந்தப் பையன் சேவுகன். முன்னால் தேங்காய்ச் சிரட்டையில் கட்டிய தராசு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாத்தாவையே கண்டுகொள்ளவில்லை.

"தம்பி, எழுதத் தெரியுமா?"

"இப்பக் கடை நேரம். கடலைக்காயி கொண்டாந்தாப் போடுங்க. இல்லேன்னாத் தள்ளி நில்லுங்க."

கூட்டம் கலகலத்தது. அந்த நேரம் பார்த்து என் மகள் செவந்தி, முந்தானை மாதிரி ஒரு துண்டை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒரு சுளகு புளியங்கொட்டையோடு வந்தாள். "கடலை போடணும் மொதலாளி."

"கொட்டு."

ஒரு தட்டில் கல்லை வைத்தான். மறு தட்டில் அவள் கொட்டினாள். இரண்டும் சமமாக நின்றது. சேவுகன் கல் இருந்த தட்டின் விளிம்பில் கட்டைவிரலை நைசாக வைத்து அமுக்கினான். "பத்தல. இன்னும் போடு." போட்டாள். "இன்னும் போடு."

ஆபீசர் குத்தவைத்து உட்கார்ந்தார். "ஏன் தம்பி, விரல எதுக்கு வச்சிருக்க?"

"அப்பத்தானே நெறைய வரும்? எங்க தாத்தா இப்படித்தான் வப்பாக."

 வாசலில் நின்ற சம்சாரிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள் பாருங்கள், கிட்டங்கி ஓட்டிலிருந்து புறா பறந்தது. வருஷம் வருஷம் வெள்ளைச்சாமி தராசில் தங்கள் கடலைக்காயைப் போட்டவர்கள் அவர்கள்தான். நாற்காலியில் இருந்த ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வெள்ளைச்சாமி முகத்தில் இரத்தம் இல்லை.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் வந்து சொன்னார்: "சார், அது சிரட்டைத் தராசு. கயிறு ஏத்த எறக்கமா இருக்கு. ஒரு பக்கம் புடிக்கலேன்னா ஆடும். அதான் புள்ள புடிக்குது."

ஆபீசர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சேவுகனிடம், "இப்ப எத்தனை கொட்டை வந்திருக்கு?" என்றார். அவன் தட்டைத் தரையில் கவிழ்த்தான். ஐந்து ஐந்தாகக் கூறு கட்டினான். ஏழு கூறும் தனியாக மூன்றும் வந்தது. விரல் வைத்துக் கூறு கூறாக எண்ணிக்கொண்டே போய், "முப்பத்தெட்டு" என்றான். அவனுக்கு வயது நாலேகால். ஆபீசர் தானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு நோட்டை வாங்கி எழுதினார். ஆச்சி அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து டீச்சர் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் நான் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளைச்சாமி தனியாக வந்து டீச்சர் முன்னால் நின்றார்.

"நீ சொன்னது பொய்யின்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதுண்ணே. தராசு சரியில்லைன்னுதான் ஆசாரியண்ணன்கிட்டக் குடுத்திருக்கேன். உங்க தராசும் ஏத்த எறக்கமா இருந்தாக் குடுத்து விடுங்க, சேத்துச் சரி பண்ணிருவாங்க."

அவர் திரும்பிப் போய்விட்டார். ஆனால் மறுநாள் முதல் சேவுகன் வாசல் வழியாகவே வந்தான்.

கிட்டங்கி நிலைத்தது. ஆனால் வெள்ளைச்சாமி விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். முழுக் கிட்டங்கி கேட்பதை விட்டு, மூலை கேட்க ஆரம்பித்தார். ஒவ்வொரு ஐப்பசியிலும் மேகம் கறுத்தால் வந்துவிடுவார். "ரெண்டே நாளைக்குத் தாயி. நாலே மூட்டை. காயி நனைஞ்சு போயிரும்." மழையில் நிற்கிற மனுஷனிடம் இல்லை என்று சொல்ல டீச்சருக்கு வாய் வராது. நாலு மூட்டை பதினாலாகும், இரண்டு நாள் கார்த்திகை வரைக்கும் போகும். பிள்ளைகள் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே நெருக்கியடித்து விளையாடும். ஒரு வருஷம் டீச்சர், "இன்னைலேருந்து இது மலை" என்று சொல்லி முப்பது பிள்ளைகளையும் மூட்டைமேல் ஏற்றிவிட்டார். மூன்றே நாளில் மூட்டையில் ஓட்டை விழுந்து, பிள்ளைகள் பச்சைக் கடலை தின்று வயிறு கழிய, வெள்ளைச்சாமி தானாக வண்டி கொண்டுவந்து எடுத்துப் போனார். அடுத்த வருஷம் தார்ப்பாய் போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார்.

1964இல் டீச்சருக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை இருதயநாதன், கறம்பக்குடிப் பக்கம் பள்ளி ஆசிரியர். வேலையையும் அங்கேயே மாற்றிக் கொடுத்தார்கள். இங்கே வர இருந்தது அருள்ராணி என்று ஒரு பெண். பத்தொன்பது வயது. முன்னதாக ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனது. நல்ல பெண்தான், பேசினால் பக்கத்தில் போய்க் காது கொடுக்க வேண்டும்.

புறப்படுகிற அன்றைக்குக் காலையில் டீச்சர் தகரப்பெட்டியோடு பட்டறைக்கு வந்தார். புரட்டாசி கடைசி. களத்தில் கடலைச்செடி காய்ந்துகொண்டிருந்தது. ஆவுடையாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே சிரித்தார்.

"அண்ணே, எனக்கு ஒரே கவலைதான். அருள்ராணிக்கு இல்லைன்னு சொல்ல வராது. எனக்கே வரல. இந்த ஐப்பசியில மூலையில ஆரம்பிச்சா, தைக்குள்ள முழுசா மூட்டையாயிரும். புள்ளைங்க தெருவுல நிக்கும்."

"அதுக்கு நான் என்ன செய்ய டீச்சரம்மா? நான் போயி வாசல்ல குறுக்க படுக்கவா?"

"அதெல்லாம் வேண்டாம். கிட்டங்கிக் கதவ எடுத்துருங்க. நெலையச் சுருக்குங்க. ஆச்சிகிட்டக் கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. ஒசரம் மூணரை அடி, அகலம் ஒண்ணேகால் அடி. நேத்துக் களத்துல போயி மூட்டைய அளந்துட்டுத்தான் வந்தேன். கடலை மூட்ட எப்படிச் சாச்சாலும் நுழையாது. புள்ளைங்க ஓடியே போகும். அருள்ராணி ஒல்லிதான், குனிஞ்சு ஒருக்களிச்சுப் போயிரும். ஆபீசரு வந்தாத் தவந்து வரட்டும். நாளைக்கே மாட்டிருங்கண்ணே, வானம் இப்பவே கறுக்குது."